போர்ஷே 911-ஐ வீட்டிலேயே தூக்க குயிக்ஜாக் 5000: வாங்கலாமா?

போர்ஷே 911-ஐ வீட்டு கராஜில் தூக்கி நிறுத்த முயல்கிறவர்களுக்கு முதல் சிக்கல் எடையில் வருவதில்லை, இடத்தில் வருகிறது. 996, 997 தலைமுறைக் கார்களில் பக்கத்துக்கு இரண்டாக மொத்தம் நான்கே ஜாக் பாயின்ட்கள். முன் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால் ஒன்று, பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் ஒன்று என்று கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பில் வட்டமாக இருக்கும். அங்கே ஜாக்கை வைத்துத் தூக்குகிறோம். தூக்கிய பிறகு காரைத் தாங்கி நிறுத்தும் ஸ்டாண்ட் வைக்கவும் அதே இடம்தான் வேண்டும். ஆனால் அங்கே ஏற்கெனவே ஜாக் நிற்கிறது.

இதற்காகச் செய்யப்படும் குறுக்கு வழிகளில்தான் விபத்துகளும் சேதங்களும் நடக்கின்றன. சிலர் எஞ்சினுக்கு அடியில் ஜாக்கைக் கொடுத்துப் பின்பக்கம் முழுவதையும் ஒரே தூக்காகத் தூக்குவார்கள். இடம் இரண்டு விரல் தவறினால் எஞ்சின் ஆயில் தேங்கும் சம்ப் என்ற பகுதியின் மெல்லிய தகடு நசுங்கும். முன்பக்கத்து ரேடியேட்டர்களிலிருந்து பின்னால் இருக்கும் எஞ்சினுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் குழாய்கள் காரின் அடிவயிற்றில்தான் ஓடுகின்றன. அவற்றின் மேல் ஜாக் உட்கார்ந்தால் செலவு வேறு மாதிரி ஆகிவிடும். இன்னும் சிலர் சஸ்பென்ஷன் கைகளில் ஸ்டாண்டை முட்டுக்கொடுப்பார்கள். சாய்வான வார்ப்பு உலோகத்தில் ஸ்டாண்டின் தலை வழுக்கக் காத்துக்கொண்டிருக்கும்.

இந்த ஒரு சிக்கலை நேரடியாகத் தீர்க்கிறது என்பதால்தான் குயிக்ஜாக்கைப் பற்றி விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. கலிபோர்னியாவின் பெண்ட்பேக் நிறுவனத்துடையது இது. இரண்டு இரும்புச் சட்டங்கள், எண்ணெய் அழுத்தத்தால் தூக்கும் ஒரு ஹைட்ராலிக் பம்ப், நான்கு ஹோஸ்கள், கையில் பிடிக்கும் இரண்டு பொத்தான் ரிமோட், நான்கு பாயின்ட்களுக்கும் ரப்பர் கட்டைகள். அவ்வளவுதான் பொருள். சட்டங்களைக் காரின் இரு பக்கமும் தள்ளி, ஜாக் பாயின்ட்டுகளுக்கு நேர் கீழே ரப்பர் கட்டைகளை வைத்து, பொத்தானை அழுத்தினால் நான்கு சக்கரங்களும் ஒன்றாக எழும்புகின்றன. தூக்குவதும் தாங்குவதும் ஒரே கருவி, ஒரே இடம். ஜாக்கை எடுத்துவிட்டு ஸ்டாண்டைச் செருகும் அந்த ஆபத்தான இடைவேளையே இல்லை.

5000 ரகத்தின் தாங்குதிறன் 5,000 பவுண்டு, அதாவது சுமார் 2,270 கிலோ. 997 கரேரா 1,400 கிலோவை ஒட்டியே இருப்பதால் எடையைப் பற்றிக் கவலை இல்லை. கீழே மடங்கிய நிலையில் சட்டத்தின் உயரம் 3 அங்குலம். முழுதாக எழும்பும்போது, எந்தக் கட்டையைப் போடுகிறோம் என்பதைப் பொறுத்து, ஒன்றரை அடியிலிருந்து இரண்டு அடிக்குள் உயரம் கிடைக்கும். தரையில் படுத்து வேலை செய்ய இது நல்ல உயரம். உட்கார்ந்தோ நின்றோ வேலை செய்ய முடியாது. அதை எதிர்பார்த்து வாங்குகிறவர்கள் ஏமாறுவார்கள்.

வாங்குவதற்கு முன் எடையைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது நீளம். ஒரே பக்கத்து முன், பின் ஜாக் பாயின்ட்டுகளின் மையத்திலிருந்து மையத்துக்கு அளவு நாடாவைப் பிடியுங்கள். சாதாரண 5000 சட்டத்தில் கட்டைகளை வைக்கக்கூடிய தூரம் 60 அங்குலம் வரை. நீளமான ரகத்தில் 66 அங்குலம் வரை. இப்போது விற்பனையில் உள்ள வரிசையில் டி.எல். என்பது குட்டையானது, டி.எல்.எக்ஸ். என்பது நீளமானது. 996, 997 கார்களின் வீல்பேஸ், அதாவது முன் பின் அச்சுகளுக்கு இடையே உள்ள தூரம், 2,350 மில்லிமீட்டர்தான் என்பதால் பெரும்பாலும் குட்டைச் சட்டமே போதும். வீட்டில் இன்னொரு காரும் இருந்தால் அதையும் அளந்துவிட்டு முடிவெடுங்கள். கட்டை சட்டத்தின் விளிம்பில் பாதி தொங்குகிற மாதிரி வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைத்தே பார்க்காதீர்கள்.

அடுத்த அளவு உயரம். சட்டத்தின் 3 அங்குலத்தோடு ரப்பர் கட்டையும் சேர்ந்து காரின் அடியில் நுழைய வேண்டும். தொழிற்சாலை ஸ்பிரிங்கோடு இருக்கும் காரில் சின்னக் கட்டை நுழைந்துவிடும். தாழ்த்திய காரில் நுழையாமல் போகலாம். அதற்குத் தீர்வு எளிது: அமெரிக்க மரக்கடைகளில் 2x10 என்று விற்கும் பலகையின் உண்மையான தடிமன் ஒன்றரை அங்குலம். நான்கு துண்டுகளை வெட்டி, நுனியைச் சாய்த்துச் சீவி, நான்கு சக்கரங்களையும் அவற்றின் மேல் ஏற்றிவிட்டால் கார் முழுவதும் 38 மில்லிமீட்டர் உயர்ந்துவிடும். செங்கல், ஹாலோ பிளாக் போன்றவற்றை இந்த வேலைக்குக் கொண்டுவரவே கூடாது. எச்சரிக்கையே கொடுக்காமல் உடையும் பொருள்கள் அவை.

முதல் முறை பொருத்தும்போது நிதானம் வேண்டும். ஹோஸ்களை இணைக்கும் மரைகளில் இரண்டு வகை உண்டு. கூம்பு மரைக்கு டெஃப்லான் டேப் சுற்ற வேண்டும். முகத்தோடு முகம் அழுந்தி அடைக்கும் இணைப்புகளுக்குச் சுற்றக் கூடாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு எல்லாவற்றுக்கும் டேப் சுற்றுவதால்தான் பல வீடுகளில் முதல் நாளே எண்ணெய் கசிகிறது. அறுந்த டேப் துணுக்கு ஒன்று வால்வுக்குள் போய்விட்டால் ஒரு பக்கம் இறங்க மறுக்கும். டேப்பை மரையின் முதல் இரண்டு சுற்று விட்டுச் சுற்றினால் இந்தத் தொல்லை வராது. தொட்டியில் கையேட்டில் சொல்லியிருக்கும் ஹைட்ராலிக் எண்ணெயை மட்டும் ஊற்றுங்கள். பிரேக் ஃபுளூயிட் ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும்.

அதற்குப் பிறகு காற்றெடுப்பது. கார் இல்லாமல் வெறும் சட்டங்களைச் சில முறை ஏற்றி இறக்கி, சிலிண்டரில் இருக்கும் பிளீடர் திருகு வழியே காற்றை வெளியேற்ற வேண்டும். ஒரு சட்டம் வேகமாகவும் மற்றது குதித்துக் குதித்தும் ஏறினால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது என்று அர்த்தம். சரியாகக் காற்றெடுத்த பிறகும் இரண்டு பக்கமும் மயிரிழை பிசகாமல் சேர்ந்து ஏறும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எடை குறைந்த பக்கம் கொஞ்சம் முந்தும், உச்சியில் இரண்டும் சமமாகிவிடும். அந்த வித்தியாசம் கண்ணுக்கு உறுத்தும் அளவுக்குப் பெரிதானால் நிறுத்தி, இறக்கி, மறுபடி காற்றெடுங்கள்.

தரையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். விரிசல் இல்லாத, மட்டமான கான்கிரீட்தான் இந்தக் கருவிக்கு ஏற்றது. வாசலில் போட்டிருக்கும் தார்ச்சாலை வெயிலில் இளகும். ஸ்டாண்டின் கால்கள் அதில் புதைவது போலவே சட்டத்தின் ஓரங்களும் அழுந்தும். தண்ணீர் ஓடுவதற்காக லேசாகச் சாய்த்துப் போட்ட கராஜ் தரை பரவாயில்லை. வாசல் சரிவில் மட்டும் வேண்டாம்.

இனி தூக்கும் முறை. காரை நேராக நிறுத்துங்கள்; ஸ்டியரிங் நேராக இருக்கட்டும். சட்டங்கள் இரண்டையும் தள்ளும்போது இரண்டின் தலைப்பக்கமும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டும் என்றால், சட்டத்தின் மேல்பகுதி நேர்க்குத்தாக ஏறுவதில்லை. மடங்கிய கைகள் நிமிரும்போது அது ஒரு வில் போல வளைந்து நகர்ந்து ஏறுகிறது. கார் மேலே போகும்போதே முன்னுக்கோ பின்னுக்கோ நகரும். இரண்டு சட்டங்களும் எதிரெதிர்த் திசையில் கிடந்தால் ஒன்று காரை முன்னால் இழுக்கும், மற்றது பின்னால் இழுக்கும். கட்டைகள் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். கார் நகரும் திசையில் சுவரோ அலமாரியோ இருக்கிறதா என்பதையும் தூக்குவதற்கு முன்பே பாருங்கள். கராஜின் கடைசிச் சுவரோடு ஒட்டி நிறுத்தும் பழக்கமுள்ளவர்கள் இதில்தான் பம்பரை இடித்துக்கொள்கிறார்கள்.

கட்டைகளை வைக்கும்போது தலையைத் தரையோடு வைத்து ஒவ்வொன்றையும் கண்ணால் பாருங்கள். கையால் தடவி ‘சரியாகத்தான் இருக்கிறது’ என்று எழுந்துவிடக் கூடாது. ஜாக் பாயின்ட்டின் வட்டம் முழுவதும் ரப்பரின் மேல் உட்கார வேண்டும். பக்கவாட்டு பிளாஸ்டிக் உறை பாயின்ட்டைவிடக் கீழே இறங்கியிருக்கும் கார்களில் அகலமான கட்டை முதலில் உறையைத்தான் தொடும். தூக்கினால் கிளிப்புகள் தெறிக்கும். அப்போது கட்டையை உள்பக்கமாக நகர்த்துங்கள். அல்லது பாயின்ட்டின் வட்டத்துக்குள் பொருந்தும் அளவில் விற்கும் அடாப்டரைப் பயன்படுத்துங்கள்.

பொத்தானை அழுத்தி, சக்கரங்கள் தரையை விட்டு இரண்டு அங்குலம் எழும்பியதும் நிறுத்துங்கள். இந்த நிறுத்தத்தைத் தவிர்க்கவே கூடாது. எடை சக்கரத்திலிருந்து பாயின்ட்டுக்கு மாறும்போது கார் கொஞ்சம் நகர்ந்து உட்காரும். முன்பு நடுவில் இருந்த கட்டை இப்போது ஓரத்தில் இருக்கலாம். நான்கையும் மறுபடி பாருங்கள். காரின் பக்கவாட்டில் கையை வைத்து நன்றாக ஆட்டிப் பாருங்கள். விழுவதாக இருந்தால் இரண்டு அங்குல உயரத்தில், நீங்கள் வெளியே நிற்கும்போது விழட்டும். ஒரு கட்டை சாய்ந்திருந்தால்கூட இறக்கிவிட்டு முதலிலிருந்து வையுங்கள்.

எல்லாம் சரி என்றால் உச்சிவரை ஏற்றி, பிறகு பூட்டின் மேல் இறக்கி உட்கார வையுங்கள். இதில்தான் கருவியின் உயிர் இருக்கிறது. ஒவ்வொரு சட்டத்திலும் இரும்புப் பூட்டுக் கை ஒன்று உண்டு. நடு உயரத்தில் ஒன்று, உச்சியில் ஒன்று என இரண்டு இடங்களில் பிடிக்கும். பூட்டு பிடித்தபின் எண்ணெய் அழுத்தமே இல்லாவிட்டாலும் கார் நிற்கும். பூட்டைத் தாண்டி ஏற்றிவிட்டு அப்படியே காரடியில் நுழைந்தால், அப்போது காரைத் தாங்குவது ஹோஸில் இருக்கும் எண்ணெய் மட்டுமே. எண்ணெய் தாங்கும் காருக்கு அடியில் ஒரு விரலைக்கூட விடக் கூடாது. சாதாரண ஜாக்குக்கும் இதே விதிதான். பூட்டு உட்காரும் சத்தத்தை மட்டும் நம்பாமல் இரண்டு பக்கமும் நடந்துபோய்ப் பாருங்கள். பூட்டுகளுக்குப் பிறகு கழற்றிய சக்கரங்களைக் கதவோரத்துக்கு அடியில் படுக்கப் போட்டுவைப்பது இன்னொரு பாதுகாப்பு. சக்கரங்களை எங்கேயாவது வைத்தே ஆக வேண்டும், அங்கேயே வைக்கலாம்.

கார் நான்கு பக்கமும் சம உயரத்தில் நிற்பதன் பலன் வேலை தொடங்கும்போதுதான் தெரியும். 997-இன் மேனுவல் கியர்பாக்ஸில் எண்ணெய் அளவைக் காட்டும் குச்சி கிடையாது. நிரப்பும் துளை வழியே வழியும் வரை ஊற்றுவதுதான் அளவு. பின்பக்கம் மட்டும் தூக்கிய சாய்வான காரில் இந்த அளவு பொய்யாகிவிடும். (இந்த வேலையில் நிரப்பும் போல்ட்டை முதலில் திறந்து பார்த்துவிட்டுத்தான் வடிகட்டும் போல்ட்டைத் தொட வேண்டும். நிரப்பும் போல்ட் துருவேறித் திறக்காமல் போனால், எண்ணெய் இல்லாத கியர்பாக்ஸோடு கார் மேலே நிற்கும்.) எஞ்சின் ஆயிலும் அப்படியே. சமமாக நிற்கும்போது முழுவதும் வடியும். ஏறக்குறைய 8 லிட்டர் வரும்; அதனால் சாதாரண 5 லிட்டர் தட்டு போதாது, 10 லிட்டர் பிடிக்கும் தட்டு வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய பிரேக் ஃபுளூயிட் மாற்றத்தில் நான்கு சக்கரங்களும் ஒரே நேரத்தில் கழன்று நிற்பது பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

குறைகள் உண்டு. சட்டங்கள் கதவோரத்துக்கு அடியிலேயே கிடப்பதால் பக்கவாட்டில் இருந்து காருக்கு அடியில் போவது சிரமம். முன்பக்கமிருந்தோ பின்பக்கமிருந்தோதான் நுழைய வேண்டும். எஞ்சின் பின்னால் இருக்கும் 911-இல் இது பெரிய இடைஞ்சல் இல்லை. முன்பக்கம் எஞ்சினும் நடுவில் நீள எக்ஸாஸ்ட்டும் இருக்கும் கார்களில் தொந்தரவு அதிகம். கதவோர உறைகளைக் கழற்றும் வேலைக்கு இந்தக் கருவி உதவாது. ஒவ்வொரு சட்டமும் ஏறக்குறைய 35 கிலோ. சுவரில் மாட்டிவைக்க நினைப்பவர்கள் சுவரின் பலத்தையும் தங்கள் முதுகின் பலத்தையும் யோசித்துக்கொள்ளுங்கள். கடுங்குளிரில் எண்ணெய் கெட்டியாகி, வெறும் சட்டங்கள் இறங்க நேரமெடுக்கும். இறங்குவதற்கு உதவியாகச் சிலிண்டரில் காற்று நிரப்பும் வால்வு இருக்கிறது. கையேடு சொல்லும் அழுத்தத்துக்கு மேல் நிரப்ப வேண்டாம்.

கனமான பாகங்களைக் கழற்றும்போது இன்னொரு கவனம் வேண்டும். 911-இன் எடையில் அறுபது சதவீதத்துக்கு மேல் பின் சக்கரங்களின் மேல் இருக்கிறது. எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால், அதாவது தூக்கும் பாயின்ட்டுகளுக்கு வெளியே தொங்குகிறது. கியர்பாக்ஸையோ எஞ்சினையோ இறக்கினால் எடையின் மையம் சட்டென்று முன்னால் போகும். அந்த மாதிரி வேலைக்கு முன்பக்கமும் பின்பக்கமும் கூடுதல் ஸ்டாண்ட் கொடுக்காமல் இறங்கக் கூடாது. உண்மையில் எஞ்சினைக் கீழே இறக்கி வெளியே இழுக்க இந்த உயரமும் போதாது.

இறக்கும்போது நடக்கும் தவறு ஏற்றும்போது நடப்பதைவிட மோசமானது. முதலில் சற்று மேலே ஏற்றிப் பூட்டின் மேலுள்ள எடையை எடுங்கள். இரண்டு பூட்டுக் கைகளையும் விடுவிக்கும் நிலைக்கு மாற்றுங்கள். பிறகு இறக்குங்கள். ஒரு பக்கப் பூட்டு விடுபட்டு மற்றது பிடித்துக்கொண்டிருந்தால் ஒரு பக்கம் மட்டும் இறங்கும், கார் சாயும். அதனால் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டே முதல் ஓர் அங்குலத்துக்கு இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்த நொடியில் நிறுத்தி மறுபடி ஏற்றுங்கள். காரடியில் ஆயில் தட்டு, கூடுதலாக வைத்த ஸ்டாண்ட், படுக்கப் போட்ட சக்கரம், டார்ச் எதுவும் இருக்கக் கூடாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் இறக்கும் நேரத்தில் கராஜ் கதவைச் சாத்திவிடுங்கள்.

சக்கரம் மாட்டுவதற்கு ஒரு குறிப்பு. 997-இல் சக்கரம் பொருந்தும் ஹப்பில் கம்பிகள் நீட்டிக்கொண்டிருப்பதில்லை. போல்ட்களைத்தான் செருக வேண்டும். எம்14x1.5 மரை கொண்ட வழிகாட்டிக் கம்பி ஒன்றைத் துளையில் திருகிவிட்டு அதன் மேல் சக்கரத்தை நழுவவிட்டால் கையும் நோகாது, டிஸ்க்கிலும் கீறல் விழாது. செராமிக் டிஸ்க் உள்ள காரில் இரண்டு கம்பிகள் போடுங்கள். அந்த டிஸ்கின் விளிம்பு உடைந்தால் அதற்கான விலையில் ஒரு குயிக்ஜாக்கே வாங்கலாம். போல்ட்களைக் கையால் திருகி, கார் தரையில் இறங்கியபின், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் குறுக்குமறுக்காக இறுக்குங்கள். எவ்வளவு இறுக்குவது என்பதற்கு உங்கள் காரின் கையேட்டில் உள்ள எண்ணே சரியான எண்; 996-க்கும் 997-இன் தொடக்க வருடங்களுக்கும் அது 130 நியூட்டன் மீட்டர்.

விலை 1,500-இலிருந்து 2,000 டாலர் வரை, தள்ளுபடிக் காலத்தைப் பொறுத்து. வருடத்துக்கு ஒருமுறை டயர் மாற்ற மட்டும் காரைத் தூக்குகிறவருக்கு இவ்வளவு செலவு தேவையே இல்லை. மூன்றரை அங்குலத்துக்கு நுழையும் நல்ல தாழ்ந்த தரை ஜாக் ஒன்றும் தரமான ஸ்டாண்ட் இரண்டும் போதும். அந்த வழியில் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: 911-இன் உடல் விறைப்பானது, ஒரு பக்கப் பின் பாயின்ட்டில் தூக்கினாலே அந்தப் பக்க முன் சக்கரமும் எழும்பத் தொடங்கும். ஆகவே எதிர்ப்பக்கத்து இரண்டு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டுத் தூக்குங்கள். கைப்பிரேக் பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். அவை அந்தரத்தில் இருக்கும்போது அதனால் காரைத் தரையில் பிடித்துவைக்க முடியாது.

ஸ்டாண்ட் வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். ‘3 டன்’ என்பது ஒரு ஸ்டாண்டுக்கா, ஜோடிக்கா என்பது அதில் இருக்கும். அடிப்பாகம் அகலமாகவும், தலை தட்டையாகவும், குறுக்கே இரும்பு முள் செருகுவதாகவும் இருப்பது 911-க்குப் பொருந்தும். பற்கள் வைத்த ரகத்தைவிட முள் செருகும் ரகம் மேல் என்பதற்குக் காரணம் இருக்கிறது. 2020-இல் அமெரிக்காவில் கருவிகள் விற்கும் ஹார்பர் ஃபிரெய்ட் நிறுவனம் தன் பிட்ஸ்பர்க் ரக 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றது. எண்ணிக்கை ஏறக்குறைய 17 லட்சம். தேய்ந்துபோன வார்ப்பு அச்சுகளில் செய்ததால் பற்களும் அவற்றைப் பிடிக்கும் நாக்கும் ஆழமாகப் பொருந்தாமல், எடை சாயும்போது விடுபட்டுவிடும் என்பதே குறை. அதற்கு மாற்றாகக் கொடுத்த 3 டன் ரகத்திலும் வெல்டிங் குறை கண்டு, அதே ஆண்டு அதையும் திரும்பப் பெற்றார்கள். பழைய ஸ்டாண்டுகளை யாரிடமாவது வாங்குவதாக இருந்தால் அதிலுள்ள பொருள் எண்ணைத் திரும்பப் பெற்ற பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எண் அழிந்திருந்தால் வாங்காதீர்கள்.

வருடத்தில் நான்கைந்து முறையாவது காரடியில் படுக்கிறவர், பிரேக், ஆயில், சஸ்பென்ஷன் எல்லாம் தானே பார்க்கிறவர், கான்கிரீட் தரை உள்ளவர் என்றால் குயிக்ஜாக் 5000-ஐத் தயங்காமல் வாங்கலாம். மின்பம்ப் 110 வோல்ட், 220 வோல்ட், 12 வோல்ட் என மூன்று வகையில் வருகிறது. கராஜில் பிளக் பாயின்ட் இருந்தால் அந்த நாட்டு வோல்ட்டேஜுக்கானதை எடுங்கள். 12 வோல்ட் ரகத்தைப் பந்தயத் திடலுக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு விட்டுவிடலாம். வாங்கிய பிறகு ஆண்டுக்கு ஒருமுறை ஹோஸ்களில் வெடிப்போ வீக்கமோ இருக்கிறதா, பூட்டுக் கைகள் தடங்கலில்லாமல் விழுகின்றனவா, ரப்பர் கட்டைகளில் பிளவு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். கட்டைகள் தனியாகவும் கிடைக்கின்றன. பிளந்ததைத் திருப்பிப் போட்டுப் பயன்படுத்தாமல் புதிதாக வாங்கிவிடுங்கள்.